கடிகாரம் பார்த்து ஊற்றிய தண்ணீர்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே, டோங்காட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடைத்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் 8 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் ஒரு டனல் அமைத்திருக்கிறார். (பசுமைக்குடில் என்று எழுதினால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது, அதனால் டனல் என்றே எழுதுகிறேன்.) 15 லிட்டர் கறுப்புப் பைகளில் பைன் மரத்தூள் நிரப்பி, 600 குடைமிளகாய் நாற்றுகளை ஜூன் முதல் வாரத்தில் நட்டார். பைகளில் பாதி, சென்ற ஆண்டு தக்காளி வைத்தவை. புரட்டாசியில் நம் வீடுகளில் கறி மீன் நின்றுவிடும், காய்க்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

கணினித் துறையில் இருக்கும் அண்ணன் மகன் வந்து, மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர்களை (சொட்டு நீர் விடும் முனைகளை) போட்டு, டைமரும் பூட்டிக் கொடுத்தான். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என நான்கு முறை, முறைக்கு 10 நிமிடம். நட்ட நாளிலிருந்து இன்றுவரை அதே அளவுதான். முதல் மாதத்திலேயே நாற்பது நாற்றுகள் கழுத்து அழுகி விழுந்தன. ஜூலையில் பூக்கள் உதிர்ந்தன. ஆகஸ்ட் கடைசியில் காய்களின் அடியில் கறுப்பாக, தோல் போலக் காய்ந்த வடு. கடைக்காரர் சொன்னபடி கால்சியம் தெளித்தார், பலனில்லை. மதியத்தில் இலை தொங்குகிறதே என்று சில வரிசைகளுக்குக் கையாலும் கூடுதலாக ஊற்றினார். அந்த வரிசைகள்தான் இன்னும் மோசமாக இருக்கின்றன. எண்பது வயது மாமனாரோ, "வாடினால் தண்ணீர் விடு, வாடாவிட்டால் விடாதே. இதற்கு எதற்கு மிஷின்?" என்கிறார்.

கேள்விகள்: எந்தப் பருவத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஓர் அட்டவணை தர முடியுமா? காயின் அடி ஏன் கறுக்கிறது? மாமனார் சொல்வது சரியா, பையன் செய்தது சரியா? கடைசியாக, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராததால் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார். நம் நிலத்துத் தண்ணீரை யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

அம்மா, நேரங்களைத் தெளிவாக எழுதியது மிக நல்லதாகப் போயிற்று. டைமர் பற்றிய அந்த ஒரு வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் டர்பன் கடற்கரையில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.50 ஆகிறது, மாலை 5 மணி தாண்டியதுமே மறைந்துவிடுகிறது. அப்படியானால் உங்கள் நான்கு தவணைகளில் இரண்டு, காலை 6 மணியுடையதும் மாலை 6 மணியுடையதும், இருட்டில் விழுந்திருக்கின்றன. செடி தண்ணீரை இழுப்பது இலை வழியாக ஆவி போகும்போது. வெளிச்சம் இல்லாத நேரத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஆக, நீங்கள் கொடுத்ததில் பாதி குடிக்க ஆளில்லாத நேரத்தில் பைக்குள் போய்த் தங்கியது. குளிர்கால இரவில், சில்லென்று நனைந்த மரத்தூளில், மூச்சுவிடக் காற்றில்லாமல் சின்னஞ்சிறு வேர்கள் கிடந்தன. அந்த நாற்பது நாற்றுகள் விழுந்ததற்கு விதைக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

கணக்கும் பாருங்கள். மணிக்கு 2 லிட்டர் என்றால் 10 நிமிடத்துக்கு 333 மில்லி. நான்கு முறைக்கு ஒரு லிட்டர் 330 மில்லி. நான்கு இலை விட்ட நாற்றுக்கு இது மூன்று நான்கு மடங்கு அதிகம். காய் தாங்கி நிற்கும் செடிக்கு, வெயில் நாளில், இது போதாது. ஒரே எண் இரண்டு பருவத்திலும் தவறாக இருந்திருக்கிறது.

மாமனாரும் அண்ணன் மகனும்

மாமனாரின் விதியைக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் டர்பனைச் சுற்றி ஆற்றங்கரை நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு நகரத்துக்கே சோறூட்டிய காலத்தின் விதி அது. ஆழமான வண்டல் மண் சில நாள் தண்ணீரைச் சேமித்து வைக்கும். வேரும் அரை மீட்டருக்குக் கீழே போய்த் தேடிக்கொள்ளும். அங்கே இலை லேசாகத் தளர்ந்த பிறகு தண்ணீர் காட்டினாலும் கத்தரி பிழைத்துக்கொள்ளும். உங்கள் பையிலோ மொத்தமே 15 லிட்டர் மரத்தூள். அதில் செடிக்கு எளிதாகக் கிடைக்கும் தண்ணீர் சில லிட்டர்தான். வளர்ந்த செடி ஒரு வெயில் நாளில் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். வாடும்வரை காத்திருந்தால் பூவும் பிஞ்சும் அதற்குள் முடிவெடுத்துவிட்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாட்டம் எப்போதும் தாகம் அல்ல. வேர் அழுகினாலும் இலை தொங்கும். தண்ணீர் ஏற வழி இல்லையே! நீங்கள் கையால் ஊற்றிய வரிசைகள் மோசமானது இதனால்தான் என்று சந்தேகிக்கிறேன். நாளையே அந்த வரிசையில் ஒரு பையைத் தியாகம் செய்து, பக்கவாட்டில் கத்தியால் கிழித்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, ஒடித்தால் நொறுங்குவதாக இருந்தால் கவலையில்லை. பழுப்பாக இருந்து, விரலால் உருவும்போது மேல்தோல் உறை போலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் நின்றால், அது பித்தியம் என்ற அழுகல் நோய். அந்தச் செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் நோய்க்குத்தான் தீனி. அத்தகைய பைகளை வெளியே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பையன் மீதும் கோபப்பட வேண்டாம். டைமர் நல்ல வேலைக்காரன், ஆனால் குருடன். சன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. ஆகஸ்டில் உங்கள் பக்கம் பெர்க் காற்று அடித்திருக்கும். மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் அந்த வறண்ட சூட்டுக்காற்று, குளிர்காலத்தின் நடுவிலேயே ஒரு நாளைக் கோடையாக்கிவிடும். அன்றும் உங்கள் டைமர் 10 மணிக்கு விட்டுவிட்டு 2 மணிவரை சும்மா இருந்தது. 2 மணிக்குப் பிறகு இருட்டும்வரை ஒன்றுமில்லை. அந்த நாள்களில் பிஞ்சாக இருந்த காய்கள்தான் இப்போது அடி கறுத்து நிற்கின்றன.

காயின் அடி கறுப்பது ஏன்

இது பூஞ்சை நோய் அல்ல. பிஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டிய கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கடைக்காரர் அதுவரை சரியாகச் சொன்னார். ஆனால் மண்ணிலோ உரநீரிலோ கால்சியம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். எங்கே ஆவி அதிகம் போகிறதோ அங்கே போகும். காய் வழவழப்பான தோலுடையது, அதிகம் ஆவி விடாது. வறண்ட காற்றில் இலைகள் முழுவதையும் இழுத்துக்கொள்ள, காயின் நுனி பட்டினி கிடக்கிறது. ஒருமுறை இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது. அதனால் இலையில் தெளித்தது இலையிலேயே இருக்கிறது. காய் பிடித்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் நடக்கும் தவறு, காய் பெருத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்று தெளிப்பது போன மாதத்துக் கணக்கை மாற்றாது.

கறுத்த காய்களைப் பறித்து எறியுங்கள். அவை செடியின் பலத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. காயின் வெயில் படும் பக்கத்தில், வெளிறி, காகிதம் போல இருந்தால் அது வெயிற்சூடு, வேறு விஷயம். அதற்கு நிழல் வலையும், இலைகளைக் கிள்ளாமல் விடுவதும்தான் மருந்து. உரநீர் மிக உப்பாக இருப்பதும், அம்மோனியம் வடிவத் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாவதும் நுனிக் கறுப்பைக் கூட்டும். "காய் சிறுத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் உரம் போடலாம்" என்ற ஆசையை இப்போதைக்குக் கட்டி வையுங்கள்.

இரண்டு பாத்திரங்கள்

நீங்கள் கேட்ட அட்டவணையைத் தருவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் தொடக்க காலத்தில் ஒரு விவசாயிக்கு வாரவாரியாக மில்லிலிட்டர் கணக்கில் அழகான அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அடுத்த பத்து நாள் வானம் மூடியே கிடந்தது. அவர் என் தாளை நம்பி ஒரு சொட்டு குறைக்காமல் ஊற்றினார். இரண்டு வரிசை போயிற்று. அதிலிருந்து தாளைவிடப் பாத்திரத்தை நம்புகிறேன்.

டனலின் நடுவில், நல்ல செடியாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பையைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் வடியும் தண்ணீர் முழுவதும் ஒரு தட்டில் விழும்படி வையுங்கள். அருகிலேயே ஒரு டிரிப்பரைப் பையில் செருகாமல் ஒரு டப்பாவில் விடுங்கள். டப்பாவில் இருப்பது நீங்கள் கொடுத்தது. தட்டில் இருப்பது செடி வேண்டாம் என்றது. டப்பாவில் 1,200 மில்லி, தட்டில் 240 மில்லி என்றால் வடிநீர் 20 விழுக்காடு. காய்க்கும் பருவத்தில் 15 முதல் 25 விழுக்காடு வடிவது நல்லது. பைக்குள் தங்கும் உப்பை அது அலசிக்கொண்டு போகும். சூடான நாளில் 30 வரை போகலாம். தட்டு காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. நிரம்பி வழிந்தால் உரத்தையும் பணத்தையும் தரையில் ஊற்றுகிறீர்கள்.

அத்துடன் ஒரு ஈ.சி. மீட்டரும் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை, உரத்தைக் காட்டுவது) பி.எச். மீட்டரும் (புளிப்புத்தன்மையைக் காட்டுவது) வாங்குங்கள். மூன்று கால்சியம் புட்டிகளுக்குப் பதிலாக அவற்றை வாங்கியிருக்கலாம். வடிநீரின் ஈ.சி., கொடுத்த உரநீரின் ஈ.சி.யைவிட 1 அலகுக்கு மேல் கூடிவிட்டால் பையில் உப்பு சேர்கிறது என்று பொருள். ஓரிரு நாள் தவணையைக் கூட்டி அலசுங்கள். உரநீரின் பி.எச். 5.5 முதல் 6.2 வரை இருக்கட்டும். வாரம் ஒருமுறை, டனலின் நான்கு மூலையிலும் டிரிப்பருக்குக் கீழே டப்பா வைத்து ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். ஒன்றில் 100 மில்லியும் இன்னொன்றில் 60 மில்லியும் வந்தால், எந்த அட்டவணையும் உதவாது. முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

பருவத்துக்குப் பருவம்

இவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே. தட்டு என்ன சொல்கிறதோ அதன்படி ஏற்றி இறக்குங்கள்.

நட்ட முதல் இரண்டு மூன்று வாரம்: நடுவதற்கு முந்தைய நாள் பையை முழுவதும் நனைத்து வடிய விட வேண்டும். பிறகு நாளுக்கு 200 முதல் 400 மில்லி போதும். மரத்தூள் இலேசாக உலர வாய்ப்புக் கொடுத்தால்தான் வேர் தண்ணீரைத் தேடிப் பரவும். டிரிப்பர் முதலில் நாற்றின் வேர்க்கட்டியை நனைக்கட்டும். வேர் வெளியே பிடித்ததும் தண்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கழுத்து நனைந்தே இருப்பதுதான் அழுகலுக்கு அழைப்பிதழ். ஈ.சி. 1.2 முதல் 1.5.

பூ வரும்வரை: நாளுக்கு 500 முதல் 800 மில்லி. ஈ.சி. 1.8 முதல் 2 வரை ஏற்றலாம். இங்கே கை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமானால் செடி இலை கட்டிப் பூவை உதிர்க்கும். உங்கள் ஜூலைப் பூக்கள் உதிர்ந்ததில் இதற்கும் குளிர்ந்த இரவுகளுக்கும் பங்குண்டு. முதல் கவட்டில், அதாவது தண்டு முதலில் பிரியும் இடத்தில், வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள், மனம் வராது என்றாலும்.

காய் பிடித்துப் பெருக்கும் காலம்: நீங்கள் இப்போது நிற்பது இங்கேதான். நாளுக்கு 1 முதல் 2 லிட்டர். கோடை உச்சியில் 2.5 லிட்டர்கூடத் தேவைப்படும். மொத்த அளவைவிட அதைப் பிரிக்கும் விதம் முக்கியம். 333 மில்லியை ஒரே மூச்சில் விட்டால் மரத்தூளில் ஒரு வாய்க்கால் போட்டுக்கொண்டு நேரே அடிக்குப் போகும். அதையே மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், சுமார் 100 மில்லி என்று விடுங்கள். இப்படி நாளுக்கு 10 முதல் 15 தவணை. ஈ.சி. 2 முதல் 2.4, பெர்க் காற்று நாளில் 1.8-க்கு இறக்குங்கள், ஏனென்றால் அன்று செடி கேட்பது உரமல்ல, தண்ணீர்.

நிறம் ஏறும், பறிக்கும் காலம்: "இனிமேல் குறைத்துவிடலாம்" என்று பலர் தடாலென்று வெட்டிவிடுகிறார்கள். குடைமிளகாய் நெல் அல்ல. ஒரே செடியில் பூ, பிஞ்சு, பச்சைக்காய், சிவந்த காய் எல்லாம் இருக்கும். குறைத்தால் பிஞ்சு கறுக்கும். காயவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஊற்றினால் சிவந்த காய் வெடிக்கும். பெரிய அறுவடைக்கு அடுத்த சில நாள் செடி குறைவாகக் குடிக்கும். தட்டில் அது தெரியும், அப்போது ஒன்றிரண்டு தவணையை நீக்குங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் பொது: முதல் தவணை சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம் கழித்து. கடைசித் தவணை மறைவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. நடுப்பகல் 11 முதல் 2 வரை தவணைகள் நெருக்கமாக. இரவில் பை அளவுக்கு மீறி நனைந்திருந்தால் வேரின் அழுத்தம் காய்க்குள் தண்ணீரைத் தள்ளி, தோலில் நரை நரையாக நுண்ணிய வெடிப்புகள் விழும். சந்தையில் இரண்டாம் தரமாகிவிடும். மேகம் மூடிய நாளில் பாதியாகக் குறைக்கத் தயங்காதீர்கள்.

பழைய பைகளைப் பற்றி: ஓராண்டு மக்கிய மரத்தூள் புதியதைவிட அதிகத் தண்ணீர் பிடித்து வைக்கும். புதுப் பையும் பழைய பையும் ஒரே குழாயில் இருந்தால் ஒன்று காயும், மற்றது ஊறும். தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம், நோய்களையும் பங்கிட்டுக்கொள்ளும். இந்தப் பயிர் முடியும்வரை பழைய பை வரிசைகளுக்குத் தனி வால்வு போட்டுத் தவணையைக் குறையுங்கள்; அடுத்த நடவுக்குப் புதுத் தூள்.

மின்சாரம் நின்றால்

நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த 2023-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். வெயில் நாளில் பம்ப் மூன்று மணி நேரம் நின்றால் பிஞ்சுகள் தாங்காது. மேடையில் தொட்டி வைத்துப் புவியீர்ப்பில் விடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். 3 மீட்டர் உயரத் தொட்டி 0.3 பார் அழுத்தம்தான் தரும். பல டிரிப்பர்களுக்கு அது போதாது, கடைசி வரிசைக்குச் சொட்டும் வராது. சிறிய பம்பை ஓட்டும் அளவுக்குப் பேட்டரி, இன்வெர்ட்டர் வைப்பதே நம்பகமானது. அதற்குப் பணம் சேரும்வரை வாளியும் குவளையும்: 600 செடிக்கு 200 மில்லி வீதம் 120 லிட்டர். இரண்டு பேர் சேர்ந்தால் முடிகிற வேலைதான்.

கிணற்றுத் தண்ணீர் யாருடையது

இங்கே உங்கள் நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். 1956-ஆம் ஆண்டு நீர்ச் சட்டக் காலத்தில் நிலத்தடி நீரை நிலத்துக்காரரின் சொத்து போலவே பார்த்தார்கள். 1998-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் தேசிய நீர்ச் சட்டம் அதை மாற்றிவிட்டது. மேலே ஓடுவதும் கீழே ஊறுவதும் பொதுச் சொத்து. அரசு அதன் அறங்காவலர். வீட்டுத் தேவைக்கும், விற்பனைக்கல்லாத சிறு தோட்டத்துக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீங்கள் விற்பதற்காகப் பயிரிடுகிறீர்கள். ஆகவே அந்த விலக்குக்குள் வரமாட்டீர்கள்.

பயப்படவும் வேண்டாம். 600 செடிக்கு நாளுக்கு 1.5 லிட்டர் என்றாலும் 900 லிட்டர்தான். இப்படிப்பட்ட சிறு அளவுகள் பெரும்பாலும் உரிமம் தேவைப்படாத பொது அனுமதியின் கீழ் வரக்கூடியவை. ஆனால் வரம்பு இடத்துக்கு இடம் மாறும், பதிவு செய்யச் சொல்லவும் கூடும். நீர்த்துறையின் டர்பன் வட்டார அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். நகராட்சியின் விதிகளையும் கேளுங்கள். இரண்டாவது டனல் போடும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

சட்டத்தைவிட அவசரமானது அந்தத் தண்ணீரின் உப்பு. குடைமிளகாய் உப்பைத் தாங்காத பயிர். வேர்ப்பகுதியில் உப்பு கொஞ்சம் கூடினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கடலோரக் கிணறுகளில் சோடியம், குளோரைடு, இரும்பு மூன்றையும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இரும்பு இருந்தால் டிரிப்பர் துருப்பிடித்த சேறு போல அடைக்கும். உப்பு கூடுதலாக இருந்தால் கூரையிலிருந்து மழைநீரைச் சேர்த்துக் கலக்கலாம். டனலில் வடியும் உரநீரையும் ஓடையில் விடாதீர்கள். அதில் நைட்ரேட் இருக்கிறது. மாமனார் வளர்க்கும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அதைத் திருப்பிவிட்டால் அவருக்கும் டனல்மேல் கொஞ்சம் பிரியம் வரலாம்.

இன்றிரவே மாலை 6 மணித் தவணையை நிறுத்திவிடுங்கள். நாளை காலை பையைக் கிழித்துப் பாருங்கள், தட்டையும் டப்பாவையும் வையுங்கள். தட்டைப் பார்க்கும் பொறுப்பை மாமனாரிடம் கொடுங்கள். தினமும் விடியற்காலையில் எழுந்து தோட்டத்தைச் சுற்றுபவர் என்று எழுதியிருக்கிறீர்களே. பத்து நாளுக்கு மூன்று எண்கள்: கொடுத்தது, வடிந்தது, வடிநீரின் ஈ.சி. பக்கத்தில் வெயிலா மேகமா என்று ஒரு சொல். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். இப்போது அடி கறுத்திருக்கும் காய்களைக் காப்பாற்ற முடியாது. ஆனால் இந்த வாரம் பிடிக்கும் பிஞ்சுகள் சுத்தமாக வந்தால், புரட்டாசியின் பின்பாதிக்காவது பச்சையாகப் பறிக்கக் காய் இருக்கும்.